செங்காந்தளை மாடியில வளர்க்கலாமா? கிழங்கு நடுவது முதல் விதை எடுப்பது வரை... கூடவே ஒரு சீரியஸ் எச்சரிக்கை!

ஐப்பசி மழைக்கு அப்புறம் கிராமத்துப் பக்கம் பஸ்ல போறீங்க. வேலியோரத்தில், புதருக்கு நடுவில் தீப்பிடிச்ச மாதிரி ஒரு பூ. கீழே மஞ்சள், மேலே சிவப்பு, இதழ்கள் எல்லாம் அலை அலையா மேல் நோக்கி வளைஞ்சு நிக்கும். போனை எடுத்து ஒரு போட்டோ. ஸ்டேட்டஸ்ல போட்டதும் பத்து பேர் கேட்பாங்க: ‘செம்ம பூவா இருக்கே, என்ன பேரு? நம்ம வீட்ல வளர்க்கலாமா?’

பேர் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு, ‘சில வீடுகளில் வளர்க்கலாம், சில வீடுகளில் கூடவே கூடாது’ என்பதுதான் நேர்மையான பதில். உங்க வீடு எந்த ரகம் என்பதை இந்தக் கட்டுரையைப் படிச்சு முடிக்கும்போது நீங்களே முடிவு பண்ணிடலாம்.

ஒரே கொடி, ஊருக்கு ஒரு பேர்

இலக்கியத்தில் இது காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்ப் பட்டியலில் முதலில் நிற்பது இந்தப் பூதான். பெண்களின் விரல்களுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்.

கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. நிலத்துக்கு அடியில் இருக்கும் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு. விவசாயிகள், வியாபாரிகள் மத்தியில் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பேர்தான் புழக்கத்தில் இருக்கு. தாவரவியல் பேர் குளோரியோசா சூப்பர்பா.

ஈழத் தமிழர்களுக்கு இது வெறும் பூ இல்லை. நவம்பர் மாதத்தில் நினைவின் அடையாளம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. 1947-ல் இளவரசி எலிசபெத் அந்தப் பக்கம் போனபோது, இந்தப் பூவின் வடிவத்தில் செய்த வைர ப்ரூச் ஒன்றைத்தான் பரிசாகக் கொடுத்தாங்க.

முதல்ல எச்சரிக்கை: இது விஷச் செடி

ஓரமா தின்னா லேசா வயிறு வலிக்கும் என்கிற ரகம் இல்லை. உயிரையே எடுக்கும் விஷம். கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ என்று செடியின் எல்லா பாகத்திலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த விஷம் போகாது.

கோல்ச்சிசின் என்ன செய்யும்? உடம்பில் செல்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். அதனால், வேகமாகப் பிரியும் செல்கள் இருக்கிற இடங்கள்தான் முதலில் அடி வாங்கும். குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். பிழைத்து வந்தவர்களுக்குக்கூட சில நாட்கள் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இதே பொருளை டாக்டர்கள் மிகக் குறைந்த அளவில், கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கிறாங்க. ‘அப்போ இது மூலிகைதானே, கொஞ்சம் அரைச்சு சாப்பிட்டா மூட்டு வலி போகுமே’ என்று யாராவது ரீல்ஸ்ல சொன்னால், தயவுசெஞ்சு நம்பாதீங்க. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. மாத்திரையில் அளவு தெரியும். கிழங்கில் எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

ஆக, கீழே இருக்கும் லிஸ்ட்ல ஒண்ணுக்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், இந்தச் செடி உங்க வீட்டுக்கு வேண்டாம்:

* கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தைகள் இருக்காங்களா?
* நாய், பூனை, ஆடு, மாடு ஏதாவது செடிகளை மேயும் வாய்ப்பு இருக்கா?
* சர்க்கரைவள்ளி, சேனை மாதிரி சாப்பிடும் கிழங்குகளை அதே இடத்தில் வளர்க்குறீங்களா?
* வீட்டில் யாராவது கடுமையான மனஅழுத்தத்தில் இருக்காங்களா?

மூணாவது கேள்வியைச் சாதாரணமா நினைக்காதீங்க. சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நினைச்சு இதை அவிச்சு சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கு. நாலாவது கேள்வியைக் கேட்கவே சங்கடமாத்தான் இருக்கு. ஆனா கிராமப்புற மருத்துவமனைகளுக்கு வரும் கண்வலிக்கிழங்கு கேஸ்களில் தெரியாமல் சாப்பிட்டவர்கள் மட்டும் இல்லை, தெரிந்தே சாப்பிட்டவர்களும் உண்டு. உங்க வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் இப்போதைக்கு இந்தச் செடியைத் தள்ளிவைங்க. அவங்களோட உட்கார்ந்து பேசுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

காட்டிலிருந்து தோண்டாதீங்க

எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’தான் பதில் என்றால், அடுத்த கேள்வி கிழங்கு எங்கே கிடைக்கும் என்பது.

வேலியோரம் பார்த்தோமே, அங்கேயே தோண்டிக்கலாமே என்று தோணும். வேண்டாம். காரணம் இருக்கு. காட்டில் ஒரு செடி ஒரு வருஷத்தில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழங்குகளைத்தான் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கும். விதையிலிருந்து வரும் நாற்று பூப்பதற்கே மூணு நாலு வருஷம் ஆகும். அதாவது, நீங்க ஒரு நிமிஷத்தில் தோண்டி எடுப்பதை அந்த இடம் திரும்ப உருவாக்க வருஷக்கணக்கில் ஆகும். மருந்துக் கம்பெனிகளுக்கு விதை தேவைப்பட்டு இதைப் பயிராக்க ஆரம்பிச்சபோது, நடுவதற்கான கிழங்குகள் பெருமளவு காடுகளிலிருந்துதான் தோண்டப்பட்டன. ஒரு காலத்தில் வேலிக்கு வேலி பூத்த செடியை இன்னிக்கு பல ஊர்களில் தேடவேண்டியிருக்கு. தவிர, காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதைத் தோண்டினாலும் அது சட்டப்படி குற்றம்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர், தாராபுரம், திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம், கரூர் மாவட்டம் அரவக்குறிச்சி வட்டாரங்களில் இது முறையா பயிராகுது. அரியலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் உண்டு. அங்கே தெரிந்த விவசாயி இருந்தால் அவரிடமே வாங்கலாம். இல்லையென்றால் மூலிகை நர்சரியில், ‘சாகுபடி செஞ்ச கிழங்கா, காட்டுக்கிழங்கா?’ என்று கேட்டு வாங்குங்க. அந்த ஒரு கேள்விதான் காட்டுக்கு நீங்க செய்யும் உதவி.

கிழங்கில் எதைப் பார்க்கணும்?

கிழங்கு ஆங்கில ‘வி’ அல்லது ‘எல்’ எழுத்து வடிவில், இரண்டு கையை விரிச்ச மாதிரி இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் மட்டும்தான். உருளைக்கிழங்கு மாதிரி மேலெல்லாம் கண் இருக்காது. அந்த நுனி உடைஞ்சா, மிச்சக் கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்தக் கையிலிருந்து செடி வராது. கிழங்கு ஈஸியா ஒடியும் என்பதால் கண்ணாடி வளையல் பார்சல் மாதிரி பத்திரமா கொண்டு வாங்க.

50 முதல் 60 கிராம் எடையுள்ள, கெட்டியான, பூஞ்சை இல்லாத கிழங்கு நல்லது. சின்னக் கிழங்கும் முளைக்கும், ஆனா முதல் வருஷம் பூக்காமல் போகலாம். கிழங்கைத் தொடும்போதெல்லாம் கையுறை போடுங்க. வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. நடுவில் கண்ணைத் தேய்க்காதீங்க.

எப்போ, எதில், எப்படி நடணும்?

சீசன்: ஜூன், ஜூலை. ஆனி, ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பூ பார்க்கலாம்.

தொட்டி: குறைந்தது ஒரு அடி ஆழம், அதே அளவு அகலம். அடியில் தண்ணீர் வடியும் துளைகள் கட்டாயம்.

மண்: தண்ணீர் தேங்காத செம்மண் இதற்கு ரொம்பப் பிடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. இதில் ஒரு கைப்பிடி ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்துவிட்டால் கிழங்கு அழுகல் குறையும். களிமண் மட்டும் வேண்டாம்.

நடும் முறை: தொட்டியில் முக்கால் பங்கு மண் நிரப்பி, கிழங்கைப் படுக்கை வசமா வைங்க. முளைக்கண் லேசா மேல் பார்த்து இருக்கணும். மேலே இரண்டு, மூணு அங்குலம் மண் போட்டு மூடினால் போதும். தொட்டிக்கு ஒரு கிழங்கு. நட்ட இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைங்க. ‘காலித் தொட்டிதானே’ என்று வீட்டில் யாராவது வேற செடிக்காகக் கிளறிவிட்டால் முளை ஒடிஞ்சிடும்.

தொட்டியில் மறக்காம ஒரு லேபிள் ஒட்டுங்க: ‘செங்காந்தள். விஷச் செடி. சாப்பிடக் கூடாது.’ செடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும் மாதங்களிலும் அந்த லேபிள் இருக்கணும். நீங்க வீடு மாறினால் அடுத்து வருபவருக்குத் தெரியணும் இல்லையா!

ஏறுவதற்கு ஒரு துணை

நட்ட சில வாரங்களில் தண்ணீர்விட்டான் கொடியின் முளை மாதிரி ஒரு குருத்து வரும். இந்தச் செடிக்குத் தானாக நிற்கும் பலம் கிடையாது. ஆனா இயற்கை ஒரு டெக்னிக் கொடுத்திருக்கு. ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு பற்றுக்கம்பியா மாறும். பக்கத்தில் மெல்லிசா எது கிடைச்சாலும் சுற்றிப் பிடிச்சுக்கும்.

அதனால தடிமனான மூங்கில் கழியைவிட மெல்லிய குச்சிகள், கயிறு, கம்பி வலைதான் வசதி. காட்டில் இது புதர் மேல் படர்ந்து, வேர்ப்பக்கம் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்கும். நீங்களும் அதே ஏற்பாட்டைப் பண்ணுங்க. தொட்டியின் மேல்மண்ணை காய்ந்த இலைகளால் மூடிவைங்க. கொடிக்கு காலை வெயில் நல்லா கிடைக்கட்டும். உச்சிவெயில் கொளுத்தும் மொட்டைமாடி என்றால் மதியத்துக்கு மட்டும் லேசான நிழல் இருந்தால் நல்லது.

தண்ணீர், உரம், புழு

வளரும் காலத்தில் மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விடுங்க. மழை நாட்களில் விடவே வேண்டாம். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். மூணு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இலையை மொட்டையடிக்க ஒரு புழு வரும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். மனுஷங்களுக்கு விஷமான இலை இந்தப் புழுவுக்கு விருந்து! நாலைந்து இருந்தால் கையுறை போட்டு எடுத்துடுங்க. அதிகமானால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிங்க.

பூ வந்ததும் நீங்கதான் தேனீ!

நட்ட இரண்டு மாதத்தில் மொட்டு வரும். பூ முதலில் பச்சை, பிறகு மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். உங்க கேமராவுக்கு நல்ல வேலை.

இப்போ பூவை கிட்டப் போய் பாருங்க. ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிஞ்சிருக்கும். ஆனா சூலகத்திலிருந்து வரும் சூல்தண்டு மட்டும் கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்கி, பூவை விட்டு வெளியே ஒதுங்கி நிற்கும். தன்னோட மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து சேர்த்துவைக்கணும். அவை போதுமான அளவு வராவிட்டால் காய் பிடிக்காது.

வயலில் விவசாயிகள் இதை எப்படிச் சமாளிக்கிறாங்க தெரியுமா? காலை நேரத்தில் ஆட்கள் பூவுக்குப் பூ போய் கையாலேயே மகரந்தம் தடவுறாங்க. நீங்க ரசிச்சு போட்டோ எடுக்கும் பூ, அவங்களுக்கு தினமும் குனிஞ்சு நிமிர்ந்து பார்க்கும் வேலை. கம்பிப் பந்தல், கிழங்கு, கூலி எல்லாம் முதலிலேயே செலவாகிடும். விதை விலை என்ன என்பது அறுவடை அன்னிக்குத்தான் தெரியும்.

நீங்களும் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் செய்யலாம். சின்ன பெயின்ட் பிரஷ் எடுத்து, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு, வேறொரு செடியின் சூல்முடியில் தடவுங்க. இரண்டு கொடிகள் இருந்தால் காய் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். விதை வேண்டாம், பூ மட்டும் போதும் என்றால் இந்த வேலையே தேவையில்லை. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் சத்து எல்லாம் கிழங்குக்குப் போகும். வீட்டுத் தோட்டத்துக்கு இதுதான் பாதுகாப்பும்கூட. ஏன்னா காய் வெடிச்சதும் உள்ளே தெரியும் செக்கச்சிவந்த விதைகள், குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரி தெரியும்.

செடி காய்ஞ்சிடுச்சே என்று பயப்படாதீங்க

நட்டு 160 முதல் 180 நாட்களில் காய் முற்றும். இளம்பச்சைக் காய் கரும்பச்சையாகி, தோல் சுருங்க ஆரம்பிச்சால் அறுவடைக்குத் தயார். அதோடு கொடியும் மஞ்சளாகி, காய்ந்து, தொட்டி காலியானது மாதிரி ஆயிடும். நிறைய பேர் இங்கேதான், செத்துப்போச்சு என்று நினைச்சு மண்ணைக் கொட்டிவிடுவாங்க.

சாகலை, தூங்குது. பழைய கிழங்கு சுருங்கி, அந்த இடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். தண்ணீரை நிறுத்துங்க. தொட்டியை மழை படாத இடத்தில் அப்படியே வைங்க. ஆனி மாசம் வந்து ஈரம் பட்டதும் திரும்ப எழும்.

ஒன்றைப் பலவாக்குவது எப்படி?

கிழங்கு மூலம்: தூங்கும் காலத்தின் முடிவில், மே மாதம் மண்ணை மெதுவாக் கவிழ்த்து கிழங்கை எடுங்க. இரண்டு கைகளிலும் முளைக்கண் நல்லா இருந்தால், சேரும் இடத்தில் சுத்தமான கத்தியால் பிரிங்க. அந்தக் கத்தியைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டு போகாதீங்க, தோட்டத்துக்கே வச்சுக்கோங்க. வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு நடுங்க. தாய்ச்செடியின் அதே குணம் வரும், நல்ல அளவுள்ள கிழங்கு அந்த வருஷமே பூக்கும்.

விதை மூலம்: இது பொறுமைசாலிகளுக்கு. விதையின் மேல் இருக்கும் சிவப்புச் சதையைக் கையுறையோடு நீக்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைங்க. ஊறிய தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டாமல் தொட்டி மண்ணிலேயே ஊற்றிடுங்க. மணலும் மண்புழு உரமும் கலந்த கலவையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைங்க. விதை கடினமானது. எல்லாம் ஒண்ணா முளைக்காது. சிலது ஒரு மாதத்தில் வரும், சிலது மூணு மாதம்கூட எடுத்துக்கும். முதல் வருஷம் புல் மாதிரி சில இலைகள் மட்டும் வரும், அடியில் பட்டாணி அளவு கிழங்கு இருக்கும். அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. மூணாவது அல்லது நாலாவது வருஷம் பூ.

மிச்ச விதை, மிச்சக் கிழங்கு எதையும் சமையலறையிலோ ஃபிரிட்ஜிலோ வைக்காதீங்க. பேர் எழுதி, பூட்டிய இடத்தில் வைங்க. நண்பருக்குக் கொடுத்தால் விஷம் என்ற தகவலையும் சேர்த்துக் கொடுங்க. வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் இது அடக்க முடியாத களையாகப் பரவியிருக்கு. உங்க ஊர் விதிகளைப் பார்த்துட்டு நடுங்க.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுட்டா?

முதல் சில மணி நேரம் ஒண்ணுமே தெரியாமல் இருக்கலாம். அதுதான் ஆபத்து. ‘நல்லாத்தானே இருக்கான், பார்த்துக்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. அடுத்த ஓரிரு நாட்களில் சிறுநீரகம், இதயம், ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். வழக்கமா கையில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இதற்கு இல்லை. எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போறோமோ, அவ்வளவு நல்லது.

* உடனே 108-க்கு போன் பண்ணுங்க, அல்லது ஐசியூ வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க.
* உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க.
* மிச்சமிருக்கும் கிழங்கையோ இலையையோ ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்க. முடியலைன்னா போட்டோ எடுத்துக் காட்டுங்க.
* ‘கண்வலிக்கிழங்கு’, ‘கோல்ச்சிசின்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் டாக்டரிடம் சொல்லுங்க.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. செடி வளர்க்காதவங்களுக்கும், ஊரில் வேலியோரம் இந்தக் கொடி இருக்கிறவங்களுக்கும் பயன்படும்.

உங்க வீட்டுக்கு இது செட் ஆகாது என்று முடிவு பண்ணியிருந்தாலும் வருத்தப்படாதீங்க. கார்த்திகையில் ஊர்ப்பக்கம் போகும்போது அந்த வேலியோரம் ஒரு நிமிஷம் நில்லுங்க. போட்டோ எடுங்க, பக்கத்தில் இருக்கும் சின்னப் பசங்களுக்குப் பேரையும் விஷத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க, கிழங்கை மண்ணிலேயே விட்டுட்டு வாங்க. அடுத்த வருஷமும் அது அங்கேயே பூக்கட்டும்.